கையில்லாச் சட்டையும் ஒழுக்கமும்

"எமது பண்பாட்டுக்கும் பாடசாலையின் ஒழுக்கத்துக்கும் ஏற்ற உடையணிந்து வருமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகின்றோம்."

சில ஆண்டுகளுக்கு முன்னர் புளியந்தீவில் நாம் கற்பித்த பாடசாலை ஒன்றின் வாயிற் கதவில் இவ்வாசகம் தொங்கியது. வாசகம் நம்முடையது. தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதற்காக அதனை எழுதும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. 'அன்புடன்' என்ற சொல்லை நாமே விரும்பிச் சேர்த்தோம். கட்டளை கட்டளையாய்த் தோன்றலாகாது என்ற எண்ணம்தான். அந்த ஒரு சொல்லைப் பற்றி இன்று நினைக்கும்போது வெட்கமே மிஞ்சுகின்றது.

அவ்வாசகம் எழுதப்பட்டதற்குக் காரணம் ஒரு சட்டை. கையில்லாத, முழங்காலுக்குக் கீழே வருகின்ற, உள்ளங்கையளவு சிவப்புப் பூக்கள் அச்சிடப்பட்ட பருத்திச் சட்டை. கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு முற்பகலில், மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுச் செல்ல வந்த தாய் ஒருவர் அதனை அணிந்திருந்தார். காவலாளி அவரை வாயிலில் நிறுத்தினார். மூத்த ஆசிரியை ஒருவர் சென்று, வீட்டுக்குப் போய்ச் சேலை உடுத்தி வருமாறு கூறினார். வீடு கோட்டமுனைப் பாலத்துக்கு அப்பால், இரண்டு பஸ் மாறிச் செல்லவேண்டிய ஊர். இரவு வேலை முடிந்து நேரே வந்திருப்பதாகவும், மீண்டும் போய்வந்தால் அன்றைய உறக்கமே இல்லாமற் போய்விடும் என்றும் அத்தாய் சொன்னார். பெற்றோர் கையொப்பமிடும் பதிவேடு நம் கையில் இருந்தது. ஆறேழு அடி தூரத்தில் நாம் நின்றோம். அவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்:

"நாள் முழுக்க இதத்தான் சேர் நாங்க தைக்கிற. போட்டா மட்டும் குத்தமா?"

நாம் பதிவேட்டைப் புரட்டினோம். கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு துவாய் கொண்டுவரப்பட்டது. தோள்களைத் துவாயால் மூடிக்கொண்டு அவர் உள்ளே வந்து, கையொப்பமிட்டு, அறிக்கையைப் பெற்றுச் சென்றார். மேல்மாடி வகுப்பின் சாளரத்தருகே அவருடைய மகள் நின்றிருந்தாள். மறுநாள் நம்மிடம் வாசகம் கேட்கப்பட்டது.

அப்பெண் கேட்ட வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. சட்டையொன்றைத் தைப்பதில் ஒழுக்கக் கேடு இல்லையென்றால் அணிவதில் மட்டும் அது எங்கிருந்து வந்து புகுகின்றது? ஒழுக்கம் என்று நாம் எதனைக் குறிக்கின்றோம்? தோளைத்தானா?

தோள்தான் குற்றமென்றால் தமிழாசிரியரின் பிழைப்பு பெரும்பாடு ஆகிவிடும். சங்கப் பாடல்களைக் கற்பிப்போர் 'வேய்த்தோள்', 'பணைத்தோள்' என்னும் தொடர்களை விளக்காமல் ஓர் ஆண்டைக் கடக்க முடியாது. மூங்கிலைப் போல் வழவழத்த தோள், திரண்ட தோள் என்று நாம் விளக்கம் கூறுகின்றோம். மகளிர் தோளிலும் மார்பிலும் கொடியும் பூவுமாகச் சந்தனக் குழம்பால் எழுதிய தொய்யிலைப் பற்றியும் கூறுகின்றோம். துணியில் அச்சிட்ட பூவுக்கு முன்னரே உடலில் எழுதிய பூவைப் போற்றிய இலக்கியம் நம்முடையது. அச்சம்பவம் நடந்து இரண்டு வாரங்களுக்குள் பத்தாம் வகுப்பில் இந்த இடம் வந்தது. "அந்தக் காலத்துல கைச்சட்டை போடலியா சேர்?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. சாளரத்தருகே நின்ற பெண் அதே வகுப்பில்தான் இருந்தாள், அவள் சிரிக்கவில்லை. நாம் உரையாசிரியர்களைத் துணைக்கழைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம்.

சங்க காலம் தொலைவில் உள்ளது என்று விட்டுவிடலாம். நம் பாட்டிமார் தொலைவில் இல்லையே! வயலில் களை பிடுங்கிய, கிணற்றடியில் நீரள்ளிய, வாவிக் கரையில் மீன் கழுவிய மட்டக்களப்புப் பெண்கள் குறுக்குக்கட்டோடு வாழ்ந்தனர். மார்புக்கு மேல் துணி கிடையாது. இரு தோளும் வெளியே. அவர்களை யாரும் ஒழுக்கமற்றவர் என்று சொன்னதாக நாம் கேட்டதில்லை. கைவைத்த ரவிக்கை சேலையின் பிரிக்கமுடியாத உறுப்பானதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பியரின் நாணவுணர்ச்சி இங்கு குடியேறிய பிறகே. 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் புளியந்தீவில் வந்திறங்கிக் கல்விப் பணி தொடங்கியதை நாம் நன்றியோடு நினைவுகூர்கின்றோம், அது நியாயமே. ஆனால் அத்தகைய பாடசாலைகளின் வழியே எழுத்தோடு சேர்ந்து விக்டோரியா மகாராணி காலத்து அடக்கவொடுக்கமும் வந்தது. அதனையே இன்று 'எமது பண்பாடு' என்று பலகையில் எழுதி மாட்டுகின்றோம். இது நகைப்புக்குரியதாயினும் நகைத்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய செய்தியன்று. ஏனெனில் இதே நூற்றாண்டில், இதே தமிழ் பேசும் மக்களிடையே, தோளை மூடியதற்காகப் பெண்கள் அடிபட்டனர்.

தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை வாசகர் அறிவர். நாடார் பெண்கள் மேலாடை அணிவது மேற்சாதியாருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகக் கருதப்பட்டது. சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய துணிகள் கிழித்தெறியப்பட்டன; வீடுகளும் கோயில்களும் எரிக்கப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1859 ஜூலை 26ஆம் திகதி அரச பிரகடனம் பிறந்தது. பிரகடனம் என்ன கூறிற்று? நாடார் பெண்கள் உடலை மூடலாம். ஆனால் மேற்சாதிப் பெண்கள் மூடுவதைப் போல மூடலாகாது! அரசு தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டது. பிரச்சினை உடலைப் பற்றியதாயிருக்கவில்லை, ஒப்புமையைப் பற்றியதாயிருந்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதற்கு இருந்த தடை சென்ற நூற்றாண்டு வரையில் தொடர்ந்தது.

ஆகவே, அங்கே மூடியது குற்றம். இங்கே மூடாதது குற்றம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தோள் வெறும் சாக்கு என்பது புலனாகும். மேலே இருப்பவன் கீழே இருப்பவளுக்கு இடும் ஆணை நிறைவேறுகின்றதா என்பதே இரு இடங்களிலும் பரிசோதிக்கப்படுகின்றது. அந்தப் பரிசோதனைக்கு நாம் சூட்டிய பெயர் ஒழுக்கம்.

இனிப் பூவைப் பற்றிச் சில சொல்லவேண்டும். கையில்லாச் சட்டையைக் கண்டிப்போர் அதனை 'மேலைநாட்டுக் கவர்ச்சி' என்பர். பூ பெரிதாகவும் நிறம் கடுமையாகவும் இருந்தால் கண்டனமும் அதே அளவுக்குப் பெரிதாகும். உண்மையில் அந்தப் பூ இங்கிருந்து போனது. சீத்தை என்று நம் பாட்டிமார் அழைத்த, ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்று வாய்க்குள் மென்ற பூந்துணி, சோழமண்டலக் கரையின் கைத்தொழில். மசூலிப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கைவினைஞர் தூரிகையாலும் மரவச்சாலும் எழுதிய பூக்களைக் கப்பல் கப்பலாய் ஏற்றியோர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும். 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர்தாம். அப்பூக்களின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலைத் தோண்டி அவ்வேரை எடுத்துக் கொடுத்தோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அத்தொழிலையும் வணிகத்தையும் ஒல்லாந்தர் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்தனர்.

இத்துணி ஐரோப்பாவுக்குச் சென்றபோது அங்கும் 'ஒழுக்கம்' விழித்தெழுந்தது. 1686இல் பிரான்ஸ் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை விதித்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்தில் 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1719இல் இலண்டன் வீதிகளில் பூந்துணிச் சட்டையணிந்து சென்ற பெண்களை நெசவாளர் கூட்டங்கள் துரத்தின. உடலில் இருந்தபடியே சட்டைகளைக் கிழித்தன. மையையும் அமிலத்தையும் வீசின. பூந்துணி அணிபவள் நாட்டுப்பற்றற்றவள், ஆடம்பரக்காரி, ஒழுக்கம் கெட்டவள் என்று துண்டுப் பிரசுரங்கள் பரவின. வேலையிழந்த நெசவாளனின் பசி உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் பசிக்குக் காரணமான வணிகக் கம்பெனியின் கதவை உடைப்பதிலும் தெருவிற் போகும் பெண்ணின் சட்டையைக் கிழிப்பது எளிதாயிருந்தது. கம்பெனிக்குக் காவல் இருந்தது, அவளுக்கு இருக்கவில்லை.

பிறகு அதே இங்கிலாந்து இயந்திரத்தில் பூக்களை அச்சிட்டு நமக்கே விற்றது. நம் கைவினைஞன் பட்டினி கிடந்தான். பூ ஊர் திரும்பியபோது 'அந்நியம்' ஆகிவிட்டது. புளியந்தீவுக்கோ அந்த அந்நியம்கூடப் புதிதன்று. பறங்கியர் குடும்பங்களின் முதிய பெண்கள் பூப்போட்ட கவுணோடு ஞாயிறு காலையில் தேவாலயம் செல்வதை இத்தீவில் வளர்ந்தோர் சிறுவயது முதல் பார்த்திருப்பர். அவர்கள் வாயிலில் நிறுத்தப்பட்டதாய் நாம் அறியோம்.

இங்கு முற்போக்குத் தோழர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டுகின்றபோது ஒரு சட்டைக்காக இத்தனை பக்கமா? கையில்லாச் சட்டை நுகர்வுச் சந்தையின் சரக்கு அல்லவா? அதனைச் சுதந்திரத்தின் சின்னமாக உயர்த்துவது முதலாளித்துவத்தின் விளம்பரத்தைத் தமிழில் எழுதுவது ஆகாதா?

இரண்டாவது வினா கனமானது. அந்தச் சட்டையை நாம் சின்னமாக உயர்த்தவில்லை. அது எங்கே தைக்கப்பட்டது என்று பார்ப்போம். கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல் இந்நாட்டின் இளம்பெண்கள் மேலைநாட்டாரின் கோடைகாலத்தைத் தைத்து வருகின்றனர். இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைகளிலிருந்து வருகின்றது. போர் முடிந்த 2009க்குப் பின்னர் கிழக்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஒருத்தி கழுத்தை மட்டும் தைப்பாள். மற்றொருத்தி அக்குளின் விளிம்பை மட்டும் மடித்தடிப்பாள். மணிக்கு இத்தனை என்று இலக்கு. 2022இல் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது இந்நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபா. அக்காலத்தில் ஒரு நல்ல சேலையும் அதற்குரிய ரவிக்கைத் தையற்கூலியும் அந்தச் சம்பளத்தில் எவ்வளவு பெரிய துண்டைக் கடித்திருக்கும் என்று ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும்.

தையலில் ஒரு நூல் பிசகினால் அந்தச் சட்டை கப்பலேறாது. அது நடைபாதைக் கடைக்கு வரும். அன்று வாயிலில் நின்ற தாய் அணிந்திருந்தது அவ்வாறு தள்ளப்பட்ட சட்டைதான் என்று பின்னர் அறிந்தோம். ஐரோப்பியப் பெண்ணொருத்தி விடுதலையுணர்வோடு அணிந்து கடற்கரையில் உலாவவேண்டிய சட்டை. அந்த விடுதலையைத் தைத்தவள் அதனை அணிந்தபோது துவாயால் மூடப்பட்டாள். 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேசின் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது இடிபாடுகளுக்கிடையில் இத்தகைய சட்டைகள் கிடந்தன. ஆகவே தோழர்களின் ஐயத்தை நாம் ஏற்கின்றோம்: அந்தப் பூக்களில் குற்றம் உண்டு. ஆனால் அந்தக் குற்றத்தை வாயிற்காவலன் தேடவில்லை. இலக்கு, கூலி, இரவு வேலை, உறக்கம் ஆகியவற்றைப் பற்றி நம் பாடசாலை ஒருநாளும் அத்தாயிடம் விசாரித்ததில்லை. தோளைப் பற்றி மட்டுமே விசாரித்தது. ஒழுக்கம் பற்றிய இந்தப் பேச்சு எழுந்தால் மற்றப் பேச்சு எழாது. முதலாவது வினாவுக்கும் அதுவே நம் விடை.

ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இனிக் கூறப்போவது நம்மைப் பற்றியது.

2019 மே 29ஆம் திகதி பொது நிர்வாக அமைச்சு 13/2019 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, அரச அலுவலகங்களில் பெண் உத்தியோகத்தர் சேலையோ கண்டிய ஒசரியோ மட்டுமே அணியவேண்டும் என்றது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் எழுந்த அச்சத்தின் மறைவில் அது வந்தது. எதிர்ப்பெழுந்ததும் சில வாரங்களில் திருத்தப்பட்டது. 2022 நவம்பர் 21இல் நாட்டின் பல பாகங்களிலும் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு கண்ணியமான ஆடைகளில் பாடசாலை சென்றனர். சேலையின் விலை, பஸ் நெரிசல், வெப்பம் என்று அவர்கள் கூறிய காரணங்கள் அனைத்தும் மெய். கல்வியமைச்சு இணங்கவில்லை. அவர்கள் பக்கமே நாம் நின்றோம். நம் ஓய்வறையிலும் பலர் நின்றனர். ஆனால் அதே ஓய்வறையிலிருந்துதான் அத்தாய்க்குத் துவாய் போனது. நமக்கு மேலே உள்ள அமைச்சு நம் உடையைக் கட்டளையிட்டபோது அது அடக்குமுறை; நமக்குக் கீழே உள்ள தொழிலாளியின் உடையை நாம் கட்டளையிட்டபோது அது பண்பாடு.

இதனினும் கசப்பான ஓர் உதாரணம் நம் மாகாணத்திலேயே உண்டு. 2018 ஏப்ரலில் திருகோணமலையில், பெண்கள் பாடசாலை ஒன்றின் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரலாகாது, சேலையே அணியவேண்டும் என்று பாடசாலை வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கமே நியாயம் இருக்கக் கண்டது. கொழும்பின் பிரபல ஆண்கள் பாடசாலை ஒன்றில் 2016இல் தாய்மார் எந்த உடையில் வரலாம், எந்த உடையில் வரலாகாது என்று படம் வரைந்தே பலகை வைத்தார்கள். கை குறைந்தால் குற்றம், கை நீண்டால் குற்றம். பெரும்பான்மைச் சமூகம் நம்மை அளக்கும்போது வலிக்கின்றது. அந்த அளவுகோலையே கையில் வாங்கி மற்றவரை அளக்கும்போது நமக்குக் கை நடுங்குவதில்லை.

அப்படியானால் உடையில் ஒழுங்கு என்பதே வேண்டாமா? வேண்டாம் என்று கூற நாம் துணியவில்லை. மரண வீட்டுக்குச் சிவப்புப் பூக்கள் எரியும் சட்டையோடு செல்ல நம்மில் யாரும் விரும்பமாட்டோம். அங்கே பலகை இல்லை, காவலாளி இல்லை. இறந்தவரின் வீட்டார் துயரத்தை மதித்து நாமே நிறம் குறைக்கின்றோம். பணக்காரனும் ஏழையும், ஆணும் பெண்ணும் ஒருசேரக் குறைக்கின்றனர். மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் ஆண்கள் மேற்சட்டை களைந்து நிற்கின்றனர். அங்கே வெறுந்தோள் பக்தி. எல்லோரும் தமக்குத்தாமே இட்டுக்கொள்ளும் நியதி வேறு. ஒருவர் இன்னொருத்திக்கு இட்டு, தாம் மட்டும் அதிலிருந்து விலகி நிற்கும் நியதி வேறு. நம் வாயிற்பலகையில் 'பெற்றோர்' என்றுதான் எழுதினோம். தந்தையர் ஒருவரையேனும் உடைக்காக யாரும் நிறுத்தியதை நாம் பார்க்கவில்லை. சாரத்தோடு வந்தவரும், மேற்பொத்தான்கள் இரண்டைத் திறந்துவிட்டு வந்தவரும் தடையின்றி உள்ளே போயினர். பெண்வழிக் குடிமுறை வேரோடிய மண் இது. வீடும் வளவும் பெண்ணின் பேரில்தான் எழுதப்படுகின்றன. அவளுடைய தோள் மட்டும் ஊராரின் பேரில் இருக்கின்றது.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கு அத்தாய் சேலையுடுத்தி வந்தார். சேலை புதியது, யாரிடம் இரவல் வாங்கியதோ, கடனுக்கு எடுத்ததோ, நாம் கேட்கவில்லை. பதிவேட்டில் கையொப்பமிடும்போது அவர் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்குச் சிறுமியின் அம்மம்மா வந்தார். அதன் பின்னர் யாரும் வரவில்லை. அறிக்கையைச் சிறுமியே பெற்றுச் சென்றாள்.

ஆசிரியர் கூட்டமொன்றில் பலகையை அகற்றும்படி நாம் கேட்டோம். மூவர் ஆதரித்தனர். 2022இல் சேலையைத் துறந்து பாடசாலை வந்த துணிவுள்ள சக ஆசிரியை ஒருவர், "அது வேற, இது வேற சேர்" என்றார். எவ்வாறு வேறு என்று விளக்குமாறு கேட்டபோது, பெற்றோரைக் கட்டுப்படுத்தாவிட்டால் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியாது என்றார். அவர் தீயவர் அல்லர். தம் சம்பளத்தில் இரு மாணவிகளுக்குப் பாடப்புத்தகமும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பவர். பலகை அகற்றப்படவில்லை.

மாரி மழையில் எழுத்துக்கள் மங்கியபோது வாசகத்தைப் புதிதாக எழுதித் தருமாறு நம்மிடம் மீண்டும் கேட்டனர். நாம் மறுத்தோம். வேறொருவர் எழுதினார். அதில் ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன. இடமாற்றம் பெற்று அங்கிருந்து வரும்வரை நாம் அவற்றைத் திருத்திக் கொடுக்கவில்லை.